ஒன்றாக வேண்டியது கேம்களின் நூலகம், கருவிகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையில் எடுத்துச் செல்லும் வீடியோ கேம் கருவிகளும் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் வீட்டுக் கன்சோல்களும் ஒரே தளத்துக்குள் வந்துகொண்டிருப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முன்பு இரண்டு கருவிகள் செய்த வேலையை இனி ஒரே கருவி செய்யும் என்பதே இந்த மாற்றத்தின் சாரம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இந்தத் துறையின் கடந்த முப்பத்தைந்து ஆண்டு வரலாற்றைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், ஒன்றுசேர வேண்டியிருந்தது கேம்களின் நூலகமே, அதாவது வாங்கி விளையாடக் கிடைக்கும் கேம்களின் தொகுப்பே என்பதும், கருவிகளும் ஒன்றாகிவிட்டது ஒரு நிறுவனம் அன்றைக்குத் தேர்ந்துகொண்ட வழி மட்டுமே என்பதும் விளங்கும். இந்த வேறுபாடு வாங்குபவரின் பணப்பையையும் கண்ணையும் நேரடியாகத் தொடுவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிகிறேன்.

இரண்டையும் இணைக்கும் ஆசை புதிதல்ல. 1990-இல் என்இசி நிறுவனம் வெளியிட்ட டர்போஎக்ஸ்பிரஸ், அதன் வீட்டுக் கன்சோலில் செருகிய அதே கேம் அட்டைகளைக் கையிலும் ஓட்டியது. 1995-இல் சேகா கொண்டுவந்த நோமாட், ஜெனிசிஸ் கன்சோலின் கேம் கார்ட்ரிட்ஜ்களை அப்படியே ஏற்றது. ஆறு பேட்டரிகளைத் தின்றுவிட்டுச் சில மணி நேரத்தில் அணைந்தும் போனது. எதிர்த்திசையில், நின்டெண்டோ 1994-இல் சூப்பர் கேம் பாய் என்ற இணைப்பின் வழியாகவும் 2003-இல் கேம்கியூப் கன்சோலுக்கான கேம் பாய் பிளேயர் வழியாகவும் கையடக்க கேம்களைத் தொலைக்காட்சிக்கு ஏற்றியது. இவை எல்லாமே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போட்ட பாலங்கள்தான். ஒரு திரைக்காக வரையப்பட்ட எழுத்தும் படமும் மற்றொரு திரையில் அகதிகளாகத்தான் நின்றன. கேமை உருவாக்கியவர் இரண்டு திரைகளையும் மனத்தில் வைத்து அதை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டு தளங்களைத் தனித்தனியாக வைத்திருப்பதன் உண்மையான விலை என்ன என்பது 2011-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் வெட்டவெளிச்சமாகியது. நின்டெண்டோ 2011-இல் 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியையும் 2012-இல் வீ யூ என்ற வீட்டுக் கன்சோலையும் வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் இந்த இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று அறியாத அந்நியர்களைப் போல இருந்தன. முன்னதன் மூளை ஆர்ம் வகைச் சில்லு. பின்னதன் மூளை ஐபிஎம்மின் பவர்பிசி வகைச் சில்லு. வரைகலைச் சில்லுகளும் வேறு வேறு நிறுவனங்களுடையவை. ஒன்றுக்காக எழுதிய நிரலை மற்றொன்றில் அப்படியே ஓட்ட வழியில்லை. 3டிஎஸ் தொடக்கத்தில் தடுமாறி, சில மாதங்களுக்குள்ளேயே அமெரிக்காவில் 249.99 டாலரிலிருந்து 169.99 டாலருக்கு விலை குறைக்கப்பட்டது. பிறகு நல்ல கேம்களின் துணையால் அது எழுந்துகொண்டு, மொத்தம் ஏழரைக் கோடிக்கும் மேல் விற்றது. வீ யூவோ, ஒரு புதிய கேம் வந்தபின் அடுத்தது வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வைத்து, ஏறத்தாழ 1 கோடியே 36 லட்சத்தோடு முடிந்துபோனது. உருவாக்கும் கைகள் அளவாகத்தான் இருக்கும்போது இரண்டு அடுப்புகளையும் எரியவைக்க விறகு போதவில்லை.

2014-இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் இந்தச் சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தச் சண்டை விளையாட்டை அதே குழு ஒரே காலத்தில் இரண்டு கருவிகளுக்காகவும் தனித்தனியே உருவாக்கியது; செப்டம்பரில் ஜப்பானில் 3டிஎஸ் பதிப்பும் நவம்பரில் அமெரிக்காவில் வீ யூ பதிப்பும் வெளிவந்தன. ஐஸ் கிளைம்பர்ஸ் என்று இரட்டையராகக் களமிறங்கும் பாத்திரங்கள் முந்தைய பதிப்புகளில் இருந்தவர்கள். வீ யூவில் அவர்கள் இயங்கியபோதும் 3டிஎஸ் அந்தச் சுமையைத் தாங்கவில்லை என்பதால் இரண்டு பதிப்புகளிலிருந்தும் அவர்கள் நீக்கப்பட்டார்கள் என்று இயக்குநர் மசாஹிரோ சகுராயே விளக்கினார். கையிலும் தொலைக்காட்சியிலும் விளையாடக்கூடிய, நின்டெண்டோவின் அடுத்த கருவியான ஸ்விட்சுக்கு 2018-இல் வந்த அடுத்த பதிப்பில்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள். இரண்டு மடங்கு உழைப்பைக் கொட்டியும், வலிமை குறைந்த கருவியின் எல்லையை மீற முடியவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்; அந்த எல்லையைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுகிறேன்.

வாங்குபவர் பக்கத்தில் நடந்தது இன்னும் எரிச்சலூட்டுவது. பழைய மரியோ கேம் ஒன்றை 3டிஎஸ் கடையில் பணம் கொடுத்து வாங்கியவர், அதையே வீ யூவில் விளையாட வேண்டுமானால் மறுபடியும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச் மாதத்தில் அந்த இரண்டு இணையக் கடைகளும் ஒரே நாளில் விற்பனையை நிறுத்தின. அவற்றில் வாங்கியவை எதுவும் ஸ்விட்ச் கருவிக்கு வந்து சேரவில்லை.

நின்டெண்டோவின் அப்போதைய தலைவர் சடோரு இவாடா இதற்கெல்லாம் மருந்து தேடியபோது சொன்னது என்ன என்பதைத் தங்கள் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம். 2013 பிப்ரவரியில் நிறுவனத்தின் கையடக்கக் கருவிப் பிரிவும் வீட்டுக் கன்சோல் பிரிவும் ஒன்றாக்கப்பட்டன. 2014 ஜனவரியில் முதலீட்டாளர்களிடம் பேசிய இவாடா, வருங்காலக் கருவிகள் ஒரே குடும்பத்து உடன்பிறப்புகளைப் போல இருக்க வேண்டும் என்றார். ஒரே இயங்குதளத்தைக் கொண்டு பல அளவுகளில் கருவிகள் வெளிவரும் திறன்பேசி உலகத்தை முன்மாதிரியாகக் காட்டினார். பிரிவுகள் ஒன்றானதால் கருவிகளின் வடிவங்கள் குறையும் என்று எண்ண வேண்டாம், கூடவும் செய்யலாம் என்பது அவர் பேச்சின் முக்கியமான பகுதி. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனிக் கட்டமைப்பு (சில்லும் இயங்குதளமும் சேர்ந்த அடித்தளம்) என்று இருக்கும்வரை மூன்றாவது நான்காவது வடிவத்தைக் கொண்டுவந்தால் கேம்களுக்குப் பஞ்சம்தான் வரும். கட்டமைப்பு ஒன்றானால் அந்தக் கவலை இல்லை. இதுதான் அவர் வாதம். 2015 ஜூலையில் அவர் மறைந்தார். 2017 மார்ச் 3 அன்று வெளிவந்த ஸ்விட்ச், கட்டமைப்பை ஒன்றாக்கியதோடு நிற்காமல் கருவியையும் ஒன்றாக்கியது.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஸ்விட்ச் கருவியைச் செருகும் டாக் என்ற தாங்கிக்குள் கூடுதல் கணிப்பு வலிமை ஏதோ ஒளிந்திருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அதற்குள் அப்படி எதுவும் இல்லை. மின்சாரம் கொடுப்பது, படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவது, இரண்டொரு யுஎஸ்பி துளைகள் தருவது ஆகியவையே அதன் வேலை. மின்சாரம் தடையின்றிக் கிடைக்கிறது, பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று தெரிந்தவுடன், உள்ளேயிருக்கும் என்விடியா டெக்ரா எக்ஸ்1 சில்லு தன் வரைகலைப் பகுதியின் வேகத்தை 768 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்திக்கொள்கிறது; கையில் எடுத்தால் அந்த வேகத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்கிறது. கையடக்க நிலையில் 6.2 அங்குலத் திரைக்கு 720 வரிப் படம் போதும் என்பதால் வேகக் குறைவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரெத் ஆஃப் தி வைல்ட் என்ற செல்டா கேம் கையில் 720 வரிகளிலும் தொலைக்காட்சியில் 900 வரிகளிலும் ஓடுவது இப்படித்தான். நிரல் ஒன்று, சேமித்த ஆட்டமும் ஒன்று. மாறுவது வேகமும் படத்தின் கூர்மையும் மட்டுமே.

இதனால் விளைந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வீ யூவில் 84 லட்சம் அளவில் நின்றுபோன மரியோ கார்ட் 8, சிற்சில சேர்க்கைகளோடு ஸ்விட்ச் கருவிக்கு வந்து ஆறு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. அதே கேம், அதே பாதைகள். அதைச் சுற்றி ஆட்களும் வேறு நல்ல கேம்களும் இருந்தன என்பதுதான் வேறுபாடு. முன்பு இரண்டாகப் பிரிந்து உழைத்த குழுக்கள் எல்லாம் ஒரே இலக்குக்கு உழைத்தன. கையடக்கக் கருவிகளில் மட்டுமே முதன்மைப் பதிப்புகள் வந்துகொண்டிருந்த போகிமான் தொடரும் தொலைக்காட்சியில் விளையாடக் கிடைத்தது. ஸ்விட்ச் 15 கோடிக்கும் மேல் விற்றது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, முந்தைய கருவியின் கேம்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுகிறது. வாங்கிய நூலகம் அடுத்த தலைமுறைக்கும் கூட வருகிறது என்பதே என் கணக்கில் இந்த ஒருங்கிணைப்பின் தலையாய சாதனை. ஸ்விட்சின் இரு பக்கங்களிலும் கழற்றி மாட்டும் கைப்பிடிகள் அதற்கு அடுத்ததுதான்.

அப்படியானால் குறை எங்கே? உடன்பிறப்புகள் பலர் வருவார்கள் என்ற வாக்குறுதி பாதியில் நின்றதில்தான். 2019-இல் வந்த ஸ்விட்ச் லைட், விலை குறைந்த சிறிய கருவி; அதைத் தொலைக்காட்சியில் இணைக்கவே முடியாது. சரி, அது கையடக்கக் கருவி மட்டும்தான் என்று ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதன் கைப்பிடிகளைக் கழற்ற முடியாது என்பதால், கைப்பிடியைத் தனியே பிடித்து ஆட்டி விளையாடும் சூப்பர் மரியோ பார்ட்டி போன்ற கேம்களைக் கூடுதல் கைப்பிடிகள் வாங்காமல் அதில் விளையாட முடியவில்லை. பெட்டியின் மேல் ஒரே தளத்தின் பெயர். உள்ளே இருக்கும் கேமோ அந்தத் தளத்தின் எல்லாக் கருவிகளுக்கும் உரியதல்ல. தொலைக்காட்சிக்கு மட்டுமான, திரையும் பேட்டரியும் இல்லாத, விலை குறைந்த ஸ்விட்ச் வரவேயில்லை. ஆண்டு முழுவதும் கருவியை டாக்கிலிருந்து எடுக்காதவரும் திரைக்கும் பேட்டரிக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். இதைச் செய்ய முடியாது என்றும் சொல்வதற்கில்லை. கையடக்கக் கருவியான வீட்டாவின் உட்பொருளைச் சிறு பெட்டிக்குள் வைத்து 2013-இல் சோனி ஜப்பானில் தொலைக்காட்சிக்கான வடிவம் ஒன்றை வெளியிட்டது. தொடுதிரையை நம்பியிருந்த பல கேம்கள் அதில் ஓடவில்லை என்பதால் அது தோற்றது. வடிவங்கள் பலவாக வேண்டுமானால், ஒவ்வொரு கேமும் தொடக்கத்திலிருந்தே அவை எல்லாவற்றையும் மனத்தில் வைத்து எழுதப்பட வேண்டும் என்பதற்கு அந்தத் தோல்வியே சான்று.

இனி, முன்பு விட்டுவந்த எல்லைக்கு வருகிறேன். ஒரே தளத்தில் வலிய கருவியும் மெலிய கருவியும் இருந்தால், தரை எங்கே என்பதை மெலிய கருவிதான் தீர்மானிக்கும். மைக்ரோசாஃப்ட் 2020-இல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் என்ற இரண்டு வீட்டுக் கன்சோல்களை ஒரே தளமாக வெளியிட்டது. ஒரு கேம் இரண்டிலும் ஒரே வசதிகளோடு வர வேண்டும் என்று எதிர்பார்த்தது. பால்டர்ஸ் கேட் 3 கேமில் இருவர் ஒரே திரையைப் பிரித்து விளையாடும் வசதி சீரிஸ் எஸ் கருவியில் ஓட மறுத்ததால், எக்ஸ்பாக்ஸ் பதிப்பே தள்ளிப்போனது. மெலிய கருவியில் மட்டும் அந்த வசதியை விட்டுவிடலாம் என்று உடன்பாடு ஏற்பட்ட பிறகு, 2023 டிசம்பரில் அது வெளிவந்தது. அந்த விதிவிலக்கு நியாயமானது என்பதே என் எண்ணம். வசதி எந்தக் கருவியில் இல்லை என்று பெட்டியிலேயே சொல்லிவிட்டால் யாரும் ஏமாறப் போவதில்லை.

ஸ்விட்ச் தளத்தில் இதே சிக்கல் வேறு விதமாக மூடி மறைக்கப்பட்டது. கன்ட்ரோல், கிங்டம் ஹார்ட்ஸ் போன்ற கேம்கள் அந்தக் கருவியின் சில்லுக்கு ஏற்றபடி மாற்றப்படாமல், எங்கோ இருக்கும் கணிப்பொறியில் ஓடி, படம் மட்டும் இணையம் வழியாக வரும் கிளவுட் பதிப்புகளாக விற்கப்பட்டன. வேகமான இணையம் இல்லாத பயணத்தில் அந்தக் கேமைத் திறக்கவே முடியாது. எங்கும் எடுத்துச் செல்லலாம் என்று சொல்லி விற்கும் கருவியில், வீட்டை விட்டு நகர்ந்தால் நின்றுவிடும் கேமை விற்பது எந்த வகை ஒருங்கிணைப்பு என்று எனக்குப் புரியவில்லை.

கையடக்கக் கருவிகளுக்கென்றே இருந்த விசித்திரமான, துணிச்சலான வடிவங்களும் இந்தச் சேர்க்கையில் மறைந்தன. இரண்டு திரைகளும் தொடுகோலும் கொண்ட நின்டெண்டோவின் டிஎஸ் கருவிக்காக 2007-இல் வந்த தி வேர்ல்ட் எண்ட்ஸ் வித் யூ என்ற கேமில், மேல் திரையில் ஒருவரும் கீழ்த் திரையில் ஒருவருமாக இருவர் ஒரே நேரத்தில் சண்டையிடுவார்கள். விளையாடுபவர் ஒரு கையால் தொடுகோலையும் மறு கையால் பொத்தான்களையும் இயக்கி இருவரையும் நடத்த வேண்டும். அந்தத் தவிப்புதான் அந்தக் கேமின் சுவை. 2018-இல் ஸ்விட்ச் கருவிக்கு வந்த பதிப்பில் ஒரே திரைக்கு ஏற்றபடி சண்டை முறையே மாறியிருந்தது. தொலைக்காட்சியிலும் காட்டப்பட வேண்டிய கேமுக்கு இரண்டாவது திரை கிடையாது என்ற ஒரே காரணத்தால் ஒரு முழு வகை வடிவமைப்பு வழக்கொழிந்தது.

விலையும் அப்படித்தான். 2013-இல் சிறுவர்களை மனத்தில் வைத்து 3டிஎஸ்ஸின் எளிய வடிவமாக வெளியான 2டிஎஸ் அமெரிக்காவில் 129.99 டாலர். ஸ்விட்ச் லைட் வெளியானபோது 199.99 டாலர். ஸ்விட்ச் 2 ஒரே வடிவில், 449.99 டாலருக்கு வந்தது. பண வீக்கத்தையும் சில்லுகளின் வலிமையையும் கணக்கில் கொண்டாலும், குழந்தைக்குக் கொடுத்துவிட்டுக் கீழே விழுந்தால் விழட்டும் என்று இருக்கக்கூடிய கருவி என்ற இடம் காலியாகிவிட்டது. நூலகத்தை ஒன்றாக்கிக் கருவிகளைப் பலவாக்கியிருந்தால் அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம்.

இந்த வழியில் நூலகத்தை முதலில் வைத்துத் தொடங்கியது, கணினி கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம்தான். 2022-இல் அது வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவிக்கெனத் தனிக் கடை கிடையாது. கணினிக்காக ஏற்கெனவே வாங்கிய கேம்களே அதில் திறந்தன. அதோடு, கேம்களை அந்தச் சிறிய கருவியில் ஓட்டிப் பார்த்து முத்திரை கொடுக்கும் ஏற்பாட்டையும் வால்வ் செய்தது. கைப்பொத்தான்களாலேயே முழுவதும் விளையாட முடிகிறதா, 1280-க்கு 800 புள்ளித் திரையில் எழுத்துகளைப் படிக்க முடிகிறதா என்பவை அந்தச் சோதனையில் அடங்கும். மிகச் சிறிய எழுத்தும் உயரத்தில் 9 புள்ளிகளுக்குக் குறையக் கூடாது என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய தொலைக்காட்சியைப் பார்த்து வடிவமைத்த பட்டியல்களையும் உரையாடல்களையும் உள்ளங்கைத் திரையில் கண்ணைச் சுருக்கிப் படித்தவர்களுக்கு இந்த ஒரு விதியின் அருமை தெரியும். முத்திரை பெற்ற எல்லாக் கேம்களும் சீராக ஓடுகின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியைக் கேட்டுப் பதிலைக் கடையின் முகப்பிலேயே ஒட்டுகிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் ஆசுஸ் நிறுவனத்துடன் சேர்ந்து எக்ஸ்பாக்ஸ் பெயரில் ஒரு கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. அது உள்ளுக்குள் ஒரு விண்டோஸ் கணினி. ஒருமுறை வாங்கினால் கன்சோலிலும் கணினியிலும் விளையாடலாம் என்ற திட்டத்தில் உள்ள கேம்கள் அதில் நேரடியாக ஓடுகின்றன. கன்சோலுக்கு மட்டும் வெளியான பழைய கேம்கள் இணையம் வழியாகத்தான் வருகின்றன. ஒருவரின் நூலகத்தில் ஒரு பகுதி கைக்கு வருகிறது, மறுபகுதி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பெயரை ஒட்டியதனால் தளம் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

எனவே தங்கள் தொழில்நுட்பப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய கருவிகளையும் அவற்றுக்கான கேம்களையும் மதிப்பிடும்போது, தொலைக்காட்சியில் பார்த்ததை மட்டும் வைத்து மதிப்பெண் போட வேண்டாம். கேமைக் கையடக்க நிலையில் சில மணி நேரமாவது ஓட்டிப் பார்த்து, எழுத்துகள் படிக்கும்படி இருக்கின்றனவா, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கியது, இணையத்தைத் துண்டித்தபின் கேம் திறக்கிறதா, பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் கேம் முழுவதும் இருக்கிறதா அல்லது பதிவிறக்குவதற்கான சாவி மட்டும்தானா, அதே தளத்தின் சிறிய கருவியிலும் அது முழுமையாக ஓடுமா, முன்பே வேறு கருவியில் வாங்கியவர் மீண்டும் பணம் கொடுக்க வேண்டுமா என்ற விவரங்களை மதிப்புரையோடு ஒரு சிறு கட்டமாக வெளியிடுங்கள். ஸ்விட்ச் 2 கருவிக்கான கேம்களில் கணிசமானவை சாவி அட்டைகளாக வருவதால், குறைந்தபட்சம் அந்த ஒரு வரியையாவது அடுத்த மதிப்புரையிலிருந்தே சேர்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்